நீந்தத் தெரியாத செம்பாசி

அத்தியாயம் 9

மூன்றாவது குரல்செய்தி ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. டிரில் மாஸ்டர் அதை அண்ணியின் மேஜைமேல் வைத்து ஓட்டிக் காட்டினார். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மொத்தத்தையும் ஒரே அதட்டலில் வரிசையில் நிறுத்துகிற மனிதர். இன்று தன் போனில் சரியான பொத்தானைத் தொட அவருக்கு மூன்று தடவை ஆனது.

போனில் அவர் மனைவியின் குரல் வந்தது. கரகரப்பாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைப்பது போல.

"நான் நல்லாருக்கேன். தேடாதீங்க. கடலோரமா பெரியம்மா வீட்டுல தங்கியிருக்கேன். பாறை இடுக்குல செம்பாசி வித்துங்க வாலை ஆட்டி நீந்தறதப் பாத்துக்கிட்டே பொழுது போகுது. கண்ணுதான் கரிச்சுக்கிட்டே இருக்கு. மனசு தெளிஞ்சதும் நானே வரேன்."

அவ்வளவுதான். மாஸ்டர் மறுபடி ஓட்டப் போனார். அண்ணி கையை நீட்டித் தடுத்தாள்.

காணாமல் போனவள் பாசி ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. தெருவில் அவளுக்குப் பாசியம்மா என்றுதான் பெயர். போன வாரத்தில் ஒரு நாள் வேலைக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. மறுநாள், பெரியம்மா வீட்டில் இருக்கிறேன் என்று முதல் செய்தி வந்தது. போலீஸ் போனின் டவரைத் தேடிப் பார்த்து, அது கடற்கரைப் பக்கம் காட்டுகிறது, அம்மா சொந்த விருப்பத்தில்தான் போயிருக்கிறார் என்று கையைத் துடைத்துக்கொண்டது. மாமியாருக்கு அக்காவே கிடையாது, பிறகு எந்தப் பெரியம்மா என்று மாஸ்டர் கேட்டதற்கு இன்ஸ்பெக்டர் அனுதாபமாகச் சிரித்தாராம். "இல்லாத பெரியம்மா வீட்டுக்குத்தான் சார் எல்லாரும் போவாங்க" என்றாராம்.

அதன் பிறகுதான் மாஸ்டர் மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில் இருக்கும் இந்த ஆபீசுக்குப் படியேறினார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடித்தே தலை நரைத்த அண்ணி, வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்த இடம் அது. உதவிக்கு இருப்பவள் அவளுடைய தம்பி மனைவி. அவள் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிடுவதைக் கேட்டு, வருகிறவர்கள் எல்லோருக்கும் இவள் அண்ணியாகிவிட்டாள். தம்பி மனைவிக்கு ஊர் வைத்த பெயர் வாயாடி. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

"போன் கடற்கரையில இருக்கு, சரி. ஆளும் அங்கதான் இருக்காங்கன்னு யாரு பாத்தது?" என்றாள் வாயாடி. "எங்க வீட்டுக்காரர் போன் எப்பவும் ஆபீஸ்லதான் இருக்கும். ஆளு எங்கன்னு எனக்கே தெரியாது."

அண்ணி சிரிக்கவில்லை. இந்தச் செய்தியில் எந்த இடம் உறுத்துகிறது என்று மாஸ்டரிடம் கேட்டாள். அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். பிறகு, தனக்கு நீச்சல் தெரியாது என்றார்.

வாயாடி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அண்ணியின் பார்வையைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

மாஸ்டர் விளக்கினார். விளையாட்டு ஆசிரியராக இருந்துகொண்டு நீச்சல் தெரியாததால் வீட்டில் மனைவி அவரைச் செல்லமாகக் கூப்பிடுவது 'செம்பாசி' என்று. பச்சைப் பாசி, பழுப்புப் பாசிகளில் பெரும்பாலானவற்றுக்கு வாழ்க்கையில் ஏதாவது ஒரு கட்டத்தில் வாலுள்ள செல் உண்டு, அது நீந்தும். செம்பாசிக்கு மட்டும் எந்த வயதிலும் வால் கிடையாது. தண்ணீர் இழுத்த பக்கம் போகும். விருந்தாளி வந்தால்கூட அவள் இந்தக் கதையைச் சொல்லி அவரைக் கிண்டல் பண்ணுவாளாம். அப்படிப்பட்டவள், செம்பாசி நீந்துவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்கிறாள். காலையில் செய்தி வந்ததுமே போலீசுக்குப் போன் பண்ணிச் சொன்னபோது, பெண்டாட்டி போன துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

அண்ணி போனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். அண்ணியின் முகம் மாறிவிட்டிருந்தது.

"அவங்களை யாரோ பேச வச்சிருக்காங்க, மாஸ்டர். நான் சொல்றது எல்லாம் பொய்னு உங்களுக்கு மட்டும் புரியற மாதிரி சொல்லியிருக்காங்க. பக்கத்துல நின்னு கேட்டவனுக்கு அது பொய்னு தெரியல."

"அப்ப அவன் பாசியப் பத்தி ஒண்ணும் தெரியாதவன்" என்றாள் வாயாடி.

அது சரியாகத்தான் பட்டது. தெரியாதவன் என்றால் வெளியாள். வெளியாள் என்றால் ஆராய்ச்சி நிலையத்து ஆட்களை நம்பலாம். நிலையத்தின் இயக்குநர் மிகவும் நல்ல மனிதர், தினமும் போன் பண்ணி விசாரிக்கிறார், ஞாயிற்றுக்கிழமையும் நிலையத்தில்தான் இருப்பார் என்று மாஸ்டர் சொன்னார். அவரைப் பார்த்துவிடலாம் என்று மூன்று பேரும் மாஸ்டரின் காரில் கிளம்பினார்கள்.

வழியில் மாஸ்டர் பேசிக்கொண்டே வந்தார். பேச்சை நிறுத்தினால் அழுதுவிடுவோமோ என்கிற பேச்சு. பாசியம்மாவுக்கு உலகத்திலுள்ள எல்லாவற்றையும் உறவுமுறையில் சொல்லும் பழக்கமாம். எப்போதோ செம்பாசியை விழுங்கி, வெயிலில் சமைக்கும் அதன் உறுப்பைத் தன்னுடையதாக்கிக்கொண்ட பழுப்புப் பாசியை 'தத்துப்பிள்ளை' என்பாள். மலேரியாக் கிருமிக்குள்ளேகூட அந்த உறுப்பின் மிச்சம் இருக்கிறதாம். அது 'வீட்டை விட்டு ஓடி ரவுடியாப் போனவன்'. அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தாள்.

விடுமுறை நாள் என்பதால் நிலையத்தின் முன்வாசலில் ஒரே ஒரு காவலாளி. கார்களைப் பின்பக்கக் கொட்டகையில்தான் விட வேண்டும் என்றார். மாஸ்டரைக் காரிலேயே இருக்கச் சொன்னாள் அண்ணி. இயக்குநரைப் பார்த்ததும் அவர் உடைந்துபோனால் கேட்க வேண்டியதைக் கேட்க முடியாது.

இயக்குநரின் அறை மூன்றாவது மாடியில். வழியெல்லாம் ஆளில்லாத நடைகள், கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் வரிசை வரிசையாகக் குடுவைகள், ஈர உப்பின் வாசனை. அவரோ அன்பே உருவாக இருந்தார். பிளாஸ்கிலிருந்து தானே டீ ஊற்றிக் கொடுத்தார். சுவரில் பத்திரிகைப் பக்கம் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருந்தது. செம்பாசிகளின் பாட்டி என்று பெரிய எழுத்தில் தலைப்பு, கீழே அவருடைய படம்.

அது என்ன பாட்டி என்று அண்ணி கேட்டாள். அவர் சந்தோஷமாகச் சொல்ல ஆரம்பித்தார். செடியாகட்டும் பாசியாகட்டும், வெயிலைச் சாப்பாடாக்குகிற உறுப்புக்குக் கணிகம் என்று பெயர். அது ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த நுண்ணுயிர். இன்னொரு செல் அதை விழுங்கியது, செரிக்கவில்லை, உள்ளேயே வைத்துக்கொண்டது. தனியாக வாழ்ந்த காலத்து மரபணுக்களில் பெரும்பாலானதைச் செடிகளின் கணிகம் வீட்டுக்காரச் செல்லிடம் ஒப்படைத்துவிட்டது. செம்பாசியின் கணிகம் மட்டும் நிறைய மரபணுக்களைத் தன்னிடமே வைத்திருக்கிறது. வெந்நீர் ஊற்றில், அமிலத் தண்ணீரில் வாழும் ஒரு செம்பாசியின் கணிகத்தில் வேறெந்தச் செம்பாசியிலும் காணாத மரபணுக்கள் சேர்ந்து இருப்பதைத் தன் குழு கண்டுபிடித்தது என்றார். தான் அடிப்படையில் கம்ப்யூட்டர்காரன், மரபணு எழுத்துகளைத் திரையில் கோப்பதுதான் தன் வேலை என்றும் சொன்னார்.

"புரியுது சார்" என்றாள் வாயாடி. "புகுந்த வீட்டுக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும், கொண்டுவந்த பெட்டிச் சாவிய மாமியார்கிட்ட குடுக்காத மருமக. எங்க அண்ணிகிட்ட கேளுங்க, என் சாவிய இன்னும் தேடிட்டிருக்காங்க."

இயக்குநர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பாட்டி என்பது பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர், கறாராகச் சொன்னால் அது பாட்டி இல்லை, மற்ற செம்பாசிகளெல்லாம் பிறப்பதற்கு முன்பே அந்தக் குடும்பத்திலிருந்து தனியாகப் பிரிந்துபோன மூத்த கிளை என்று திருத்தினார். அதை இங்கே வளர்க்கிறீர்களா என்று அண்ணி விசாரித்தாள். அடித்தளத்தில் ஒரு சூட்டறை இருக்கிறது, குழாயில் அமிலம் கசிகிறது, பழுது பார்க்கும்வரை யாரும் போக வேண்டாமென்று மூடிவைத்திருக்கிறோம் என்றார்.

அப்புறம் அவர் பிளாஸ்கை மூடி வைத்தார். காணாமல் போனவளைப் பற்றிப் பேசினார். எவ்வளவு பொறுமைசாலி, எவ்வளவு கெட்டிக்காரி என்றார்.

"மைக்ராஸ்கோப்புல உக்காந்தாங்கன்னா நேரம் போறதே தெரியாது அவங்களுக்கு. செம்பாசி வித்துங்க குட்டிக் குட்டி வாலை ஆட்டிக்கிட்டு நீந்தும் பாருங்க, அதுல ஒரு சந்தோஷம். என்னையும் கூப்பிட்டுக் காட்டுவாங்க. இப்பவும் கண்ணுலயே நிக்குது."

வாயாடி டீக் கோப்பையைத் தட்டில் நங்கென்று வைத்துவிட்டாள். மேஜைக்கடியில் அண்ணியின் கால் அவள் காலை அழுத்தமாக மிதித்தது.

அண்ணி அசையாமல் ஒரு வாய் டீ குடித்தாள். இந்தச் செய்தியை அவர்கள் இன்னும் இவருக்குப் போட்டுக் காட்டவில்லை. மாஸ்டரும் காட்டவில்லை. இல்லாத வாலைப் பற்றி இவருக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? இவர் கம்ப்யூட்டர்காரர். மரபணு எழுத்துகளைத் திரையில் கோப்பவர். பாசி நிலையத்துக்கே தலைவராக இருந்தும் ஒரு பாசியை உயிரோடு உற்றுப் பார்த்திராத ஒரே ஆள். அவள் பேசியபோது பக்கத்தில் நின்று கேட்டு, அதை உண்மை என்று நம்பியவர் இவர்தான்.

அடுத்த விநாடி இன்னொன்றும் அவளுக்குப் பிடிபட்டது. அம்மா பிறப்பதற்கு முன்பே பிறந்து, தனியாகப் பிரிந்து போனவள். பாசியம்மாவின் கணக்கில் அவளுக்கு என்ன முறை? பெரியம்மா. பெரியம்மா வீடு கடற்கரையில் இல்லை. இந்தக் கட்டடத்தின் அடியில் இருக்கிறது.

அண்ணி நன்றி சொல்லி எழுந்தாள். கடற்கரைக்குப் போய்த் தேடிப் பார்க்கிறோம் என்றாள். இயக்குநர் லிப்ட் வரை வந்து வழியனுப்பினார். லிப்ட் கதவு மூடியதும் வாயாடி சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"அண்ணி, வெளிய போயிடலாம். போலீஸ கூட்டிட்டு வரலாம்."

"நாம வெளிய போனதும் அவர் முதல்ல எங்க போவாரு?"

வாயாடி தரைத்தளப் பொத்தானை அழுத்தினாள். தரைத்தளத்தில் இறங்கியபோது காவலாளி வாசலில் அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவர் இயக்குநருக்கு உடந்தையா இல்லையா என்பது தெரியாது. கேட்டுப் பார்க்கவும் முடியாது. அண்ணி இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. கீழே சூட்டறைக்குப் போகிறோம், போலீசைக் கூப்பிடுங்கள் என்று மாஸ்டருக்குச் செய்தி தட்டியபடியே லிப்டுக்குப் பக்கத்துப் படிகளில் இறங்கினாள். அந்தச் செய்தி போகவே இல்லை என்பது அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. படி திரும்பிய இடத்திலேயே டவர் செத்துவிட்டது.

அடித்தளத்தில் பாதி விளக்குகள் எரியவில்லை. சுவரோரம் பம்புகள் உறுமிக்கொண்டிருந்தன. நடையின் கோடியில் ஐஸ் கிடங்குக் கதவு போல ஒரு தடித்த கதவு. அதன் பக்கத்தில் ஆளுயரச் சிலிண்டர் ஒன்று, அதிலிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனது. கதவுக்குப் பூட்டு எதுவும் இல்லை. வெளிப்பக்கம் ஒரு கொண்டி, அதில் இரும்புக் கம்பி செருகியிருந்தது. உள்ளேயிருந்து யாரும் அதைத் தொட முடியாது.

அண்ணி கம்பியை உருவினாள். கதவைத் திறந்ததும் ஈரச் சூடு முகத்தில் அறைந்தது. கண் கரித்தது. உள்ளே இரும்பு அலமாரிகள், அலமாரி நிறையக் கண்ணாடித் தொட்டிகள், தொட்டி நிறையப் பச்சைத் தண்ணீர். செம்பாசி என்று பெயர், சிவப்பு ஒரு பொட்டுகூட இல்லை. தொட்டிக்குத் தொட்டி நீர்க்குமிழ்கள் சோம்பலாக மேலே வந்துகொண்டிருந்தன.

கடைசி அலமாரிக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் போட்டு ஒரு பெண் படுத்திருந்தாள். கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. பக்கத்தில் பிரித்த ரொட்டிப் பொட்டலமும் காலி பாட்டில்களும் கிடந்தன. அண்ணி ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தாள். உங்கள் வீட்டுக்காரர்தான் எங்களை அனுப்பினார் என்றாள். பாசியம்மாவின் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. அண்ணி குனிந்து காதை வைத்தாள்.

"கதவு... கதவச் சாத்த விடாதீங்க."

அண்ணி திரும்பினாள். வாயாடி கதவருகே இல்லை. அவளும் பின்னாலேயே உள்ளே ஓடிவந்து நின்றிருந்தாள். இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு மெதுவாக, சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. கம்பி கொண்டிக்குள் உரசிக்கொண்டு இறங்கியது.

வாயாடி பாய்ந்து போய்க் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். சுவரை அறைந்தது போலிருந்தது. வெளியே யாரும் பேசவில்லை. இயக்குநர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அண்ணிக்கு.

அப்புறம் தொட்டிகள் மாறின. சோம்பலாக வந்துகொண்டிருந்த குமிழ்கள் திடீரென்று கொதிப்பது போலப் பொங்கின. எல்லாக் குழாய்களும் ஒரே நேரத்தில் சீறின. வாயாடி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். சோடா குடித்தால் மூக்கில் ஏறுமே, அந்தக் காரம்.

பாசியம்மா சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள். அது பாசிக்குக் கொடுக்கிற கரியமிலவாயு, சிலிண்டரை முழுக்கத் திறந்துவிட்டார், காற்றைவிடக் கனமானது, தரையிலிருந்து நிரம்பும், மேலே ஏறுங்கள் என்று கிசுகிசுத்தாள். சுவரின் உச்சியில் காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்று இருந்தது. முதல் நாளே அவர் அதன் மின்சாரத்தை நிறுத்திவிட்டாராம். அந்த ஓட்டைக்கு எட்ட வேண்டும் என்று அவள் இத்தனை நாளும் கடைசி அலமாரியைச் சுவர்ப் பக்கம் தள்ளிப் பார்த்திருக்கிறாள். தொட்டிகளோடு அது இம்மியும் நகரவில்லை. தொட்டியை உடைத்தால் தரையெல்லாம் அமிலம், கால் வைக்க இடமிருக்காது.

மூன்று பேரும் அலமாரிக்கு முதுகைக் கொடுத்தார்கள். முதல் தள்ளில் அசையவில்லை. இரண்டாவது தள்ளில் இரும்பு கிறீச்சிட்டது. தொட்டித் தண்ணீர் தளும்பி அண்ணியின் முழங்கையில் தெறித்தது, நெருப்பாக எரிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். தலை வலிக்க ஆரம்பித்திருந்தது. மூச்சை இழுக்க இழுக்கப் போதவில்லை. அலமாரி சுவரைத் தொட்டபோது பாசியம்மா முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். அண்ணி அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நடுத் தட்டில் ஏற்றினாள்.

வாயாடி உச்சிக்கு ஏறினாள். விசிறியின் இறக்கைகளுக்கு நடுவே பகல் வெளிச்சம் தெரிந்தது. கொட்டகையின் தூண், காரின் பின்சக்கரம் தெரிந்தன. திறந்திருந்த கார் ஜன்னலில் மாஸ்டரின் முழங்கை.

கத்துவதற்கு வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

கீழேயிருந்து அண்ணி பார்த்தாள். வாயாடியின் வாய் திறந்து திறந்து மூடியது, காற்று மட்டும் வந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு நிமிஷம் ஓயாத வாய். அண்ணிக்கு அந்த அறையில் நடந்த எதையும்விட அதுதான் அதிகமாகப் பயமூட்டியது.

"என் தம்பியத் திட்டு" என்றாள் அண்ணி. மூச்சு வாங்கியது. "ஆபீஸ்ல போன வச்சிட்டு எங்கயோ சுத்தறான்ல. அவனக் கூப்பிட்டுத் திட்டு."

வாயாடி கண்ணை மூடிக்கொண்டாள். புருஷனைத்தான் முதலில் கூப்பிட்டாள், பாதி வசவும் பாதி அழுகையுமாக. குரல் வந்துவிட்டது. அடுத்த மூச்சில் இறக்கைகளுக்கு நடுவே முகத்தை வைத்துக் கத்தினாள்.

"செம்பாசி... செம்பாசி... கீழ இருக்கோம். உங்க வீட்டம்மா கீழ இருக்காங்க."

முழங்கை ஜன்னலிலிருந்து மறைந்தது. கார்க் கதவு அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

மாஸ்டர் எந்த வழியாக வந்தார், காவலாளியை எப்படித் தாண்டினார் என்பதெல்லாம் அவருக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை. அடித்தளத்து நடையில் அவர் பார்த்தது இதுதான். இயக்குநர் சிலிண்டருக்குப் பக்கத்தில் தரையில் குந்தி, இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தார். மாஸ்டர் அவரைத் தொடவில்லை. கம்பியை உருவினார். முதலில் மனைவியை, பிறகு மற்ற இருவரையும் வெளியே இழுத்து, படிக்கட்டின் பாதி வரை கொண்டுவந்து உட்காரவைத்தார். திரும்பிப் போய்ச் சிலிண்டரை மூடினார். காவலாளி பின்னாலேயே ஓடிவந்தவர், பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டு போலீசுக்குப் போன் பண்ண மேலே ஓடினார். பாவம், அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

இயக்குநர் ஓடவில்லை. எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, படிக்கட்டின் கீழே வந்து நின்றார். இருமிக்கொண்டிருந்த அண்ணி, ஏன் என்று மட்டும் கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். அன்று பாசியம்மா அவரைச் சூட்டறைக்கு வரச் சொன்னாளாம். அவர் கண்டுபிடித்ததாக உலகமே பேசுகிற அந்தக் கணிகத்தின் மரபணுத் தொகுதி ஒரே பாசியுடையது இல்லை, இரண்டு பாசிகளுடையது ஒன்றாக ஒட்டியிருக்கிறது என்றாளாம். அந்த ஒட்டு அவர் கண்ணிலும் முன்பே பட்டிருந்தது. பத்திரிகைகளில் படம் வந்த பிறகு பட்டது. வாயை மூடிக்கொண்டுவிட்டார். இவள் வெளியே சொன்னால் மோசடிக்காரன் என்பார்கள்.

"யோசிக்க ஒரு நிமிஷம் வேணும்னுதான் சாத்தினேன். சத்தியமா அவ்வளவுதான். சாத்தினதுக்கு அப்புறம் எப்படித் திறக்கறது? திறந்தா இதையும் சேத்துச் சொல்லுவாங்களே. நாளைக்குத் திறக்கலாம், நாளைக்குத் திறக்கலாம்னு..."

அவளுடைய போனை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குக் காரோட்டிப் போய் அங்கிருந்து செய்திகளை அனுப்பியதையும், இன்று இவர்கள் காருக்குத் திரும்பாததை ஜன்னலில் பார்த்துக் கீழே வந்ததையும் அவரே சொன்னார். சொல்லாவிட்டால் புருஷனையும் இங்கே கொண்டுவருவேன் என்று மிரட்டித்தான் பேச வைத்ததாகச் சொன்னார். சொல்லும்போது அவருக்கே நம்பிக்கை வராதது போல, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் தலையை ஆட்டிக்கொண்டார்.

பாசியம்மா மாஸ்டரின் தோளில் சாய்ந்திருந்தாள். கண்ணைத் திறக்க முடியவில்லை. மாஸ்டர் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். அவள் கையை உயர்த்தி அவரை நிறுத்தச் சொன்னாள். குரல் தேய்ந்திருந்தது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"மாதிரி எடுத்த குப்பிய சரியாக் கழுவாதது நான், சார். அதுல கடல் செம்பாசி துணுக்கு ஒட்டியிருந்திருக்கு. ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு உங்க கம்ப்யூட்டர் ஒட்டிடுச்சு. தப்பு என்னோடது. உங்களுது இல்ல. திருத்தம் எழுதி என் பேரை மொதல்ல போட்டு அனுப்பிடலாம்னு கேக்கத்தான் உங்கள வரச் சொன்னேன்."

இயக்குநர் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அவர் முகம் வெளிறிப்போனது. அவமானத்தையெல்லாம்விடப் பெரிய ஏதோ ஒன்றை அவர் அப்போதுதான் பார்க்கிறார் என்று அண்ணிக்குத் தோன்றியது.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். பாதியில கதவு மூடிடுச்சு."

மேலே சைரன் கேட்டது. போலீஸ் வந்து கூப்பிட்டபோது அவர் மறுபேச்சில்லாமல் அவர்களுக்கு முன்னால் படியேறிப் போனார். அந்த இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார். அவர் மாஸ்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் பாசியம்மாவைப் படுக்கையில் ஏற்றினார்கள். கண்ணுக்கு ஆபத்தில்லை, சில நாளில் சரியாகிவிடும் என்றார்கள். மாஸ்டர் கார்ச் சாவியை அண்ணியின் கையில் திணித்துவிட்டு மனைவியோடு ஏறிக்கொண்டார்.

அண்ணி கொட்டகைக்கு வந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். முழங்கையில் கட்டுப் போட்ட இடம் விண்விண்ணென்று தெறித்தது. பக்கத்து சீட்டில் வாயாடி ஏறினாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, மண்ணில் ஊன்றியபடி. அவள் பக்கத்துக் கதவு விரியத் திறந்திருந்தது.

"சாத்தினாத்தான் கிளம்ப முடியும்" என்றாள் அண்ணி.

"தெரியும்."

வாயாடி காலை உள்ளே எடுக்கவில்லை. அண்ணியும் எட்டிக் கதவை இழுக்கவில்லை. சாவியைத் திருகாமல் மடியில் வைத்துக்கொண்டாள். கொட்டகையில் காற்று நன்றாக வந்தது. இருவரும் அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, வெயில் தூணைத் தாண்டி நகரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.